கணப்படுப்பு எரியட்டும், கம்பளம் தள்ளி இருக்கட்டும்: சிம்ஸ் வீட்டில் தீ பிடிப்பது எப்படி?

நாங்கள் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள். குளிர்கால விடுமுறைக்கு டர்பனிலிருந்து அண்ணன் மகள், ஜொகானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டு வயது. வந்த இரண்டாம் நாள் இரவு, கண்ணெல்லாம் சிவந்துபோய், சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, வீடு எரிஞ்சுபோச்சு. ஆயா போயிட்டாங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயா என்றால் என் அம்மா. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அண்ணனோடு இருக்கிறார். அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. எரிந்தது சிம்ஸ் விளையாட்டில் அவள் கட்டிய வீடு. அதில் தன் ஆயாவைப் போலவே, அதே வெள்ளை முடியும் மூக்குக்கண்ணாடியுமாக, ஒரு பாட்டியை உருவாக்கி வைத்திருந்தாள். ஆயாவுக்குக் குளிரக் கூடாது என்று கணப்படுப்பு கட்டி, அதன் முன்னால் கம்பளம் விரித்து, கம்பளத்தின் மேல் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு செடியும் வைத்திருந்தாள். அத்தனையும் அன்பினால் செய்தது.

"இந்த கேம் ஏமாத்துது" என்றாள். என் மகன், "ஃபயர்பிளேஸ் வச்சா எரியத்தான் செய்யும், அதை வித்துடு" என்றான். அவனுடைய நண்பன், "விலை கூடினதா வாங்கணும், அது எரியாது" என்றான். இந்த மூன்று விளக்கங்களையும் பெரியவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். விளையாட்டுத் தீயைப் பற்றி மட்டுமல்ல, நிஜத் தீயைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறார்கள்: விதி, பொருளின் குற்றம், அல்லது காசின் குறை. மூன்றும் சரியில்லை. என்ன நடக்கிறது என்று அன்றிரவு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சிம்ஸ் விளையாடியே இராதவர்களுக்கும் புரியும்.

எந்த விளையாட்டு, என்ன அடுப்பு

சிம்ஸ் ஒரு வாழ்க்கைப் பாவனை விளையாட்டு. அதாவது ஒரு வீட்டையும் அதில் வாழும் மனிதர்களையும் உருவாக்கி, அவர்கள் சமைப்பது, தூங்குவது, வேலைக்குப் போவது எல்லாவற்றையும் நாம் நடத்திப் பார்ப்பது. அந்த மனிதர்களுக்குப் பெயர் சிம்கள். முதல் பதிப்பு 2000ல் வந்தது. இரண்டாவது 2004ல், மூன்றாவது 2009ல், நான்காவது 2014ல். அண்ணன் மகள் விளையாடியது அண்ணன் எப்போதோ வாங்கி வைத்திருந்த மூன்றாம் பதிப்பு.

இதை உருவாக்கிய வில் ரைட் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்தவர். 1991 அக்டோபரில் ஓக்லண்ட் மலைச்சரிவுகளில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு அழிந்தது. அந்தத் தீயில் 25 பேர் இறந்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. ஒரு வீட்டுக்கு எவையெல்லாம் வேண்டும், எதை முதலில் வாங்குவது என்று ஒவ்வொன்றாக யோசித்து வாழ்க்கையைத் திரும்பக் கட்டிய அனுபவத்திலிருந்துதான் இந்த விளையாட்டின் எண்ணம் வளர்ந்தது. இந்த விளையாட்டில் தீ ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கணப்படுப்பு என்பது குளிர் காய்வதற்காகச் சுவருக்குள் கட்டிய அடுப்பு. மேலே புகைபோக்கி இருக்கும். ஃபயர்பிளேஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். டர்பனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது படத்தில் பார்த்த பொருள்தான். அங்கே ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் போதும். திருமணமாகி ஜொகானஸ்பர்க் பக்கம் வரும்வரை நானும் அப்படித்தான். இங்கே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். குளிர்காலத்தில் மழையே கிடையாது, காற்று வறண்டு கிடக்கும், விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நிஜக் கணப்படுப்பு இருக்கிறது. அன்று இரவும் அது எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் பேசினோம்.

எரிவது அடுப்பு அல்ல

சாமி அறை விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் காமாட்சி விளக்கு நாள் தவறாமல் எரிகிறது. இத்தனை வருடத்தில் விளக்கு என்றாவது "தீப்பிடித்தது" உண்டா? இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருமுறை தீப்பிடித்தது, விளக்குக்குப் பக்கத்தில் காற்றில் ஆடிய திரைச்சீலையில். அம்மா அதை வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தார். அன்றைக்கே திரையைக் கழற்றிவிட்டு மரக்கதவு போட்டார். விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

விளையாட்டுத் தீயும் இப்படித்தான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று தீமூலம்: வெப்பம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பொருள். எரியும் கணப்படுப்பு, சமையல் அடுப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் தீமூலங்கள். மற்றொன்று எரிபொருள். பெட்ரோல், விறகு மட்டும் எரிபொருள் அல்ல. எரியக்கூடிய எதுவும் எரிபொருள்தான். கம்பளம், சோஃபா, செடி, புத்தக அலமாரி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

கணப்படுப்பு அணைந்திருக்கும்போது கம்பளம் எத்தனை அருகில் கிடந்தாலும் அடுப்பால் ஆபத்தில்லை. அடுப்பு எரியும்போது முன்னால் வெறும் தரை மட்டும் இருந்தால் ஆபத்து மிகவும் குறைவு. எரியும் அடுப்பு, அருகில் எரிபொருள் இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. என் மகன் சொன்னதுபோல அடுப்பை விற்றாலும் சிக்கல் தீரும், ஆனால் கம்பளத்தை நகர்த்தினாலே போதும்போது ஆயாவைக் குளிரில் விட வேண்டியதில்லை.

இதுவரை: தீமூலம் ஒன்று, எரிபொருள் ஒன்று. நம் கையில் இருப்பது இரண்டுக்கும் இடையிலான தூரம்.

"நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகலையே"

அண்ணன் மகளுக்கு இதில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. "அத்தை, அதே கம்பளம், அதே அடுப்பு, பத்து நாளா எரியல. இன்னைக்கு மட்டும் ஏன்? அப்ப கேம் ஏமாத்துதுதானே?"

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. இதற்கு நிகழ்தகவு என்ற ஒரு சொல் வேண்டும். ஒன்று நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்வதுதான் நிகழ்தகவு. தாயக்கட்டை உருட்டுவதைப்போல, அடுப்பு எரியும்போதெல்லாம் கணினி உள்ளே ஒரு கட்டையை உருட்டிப் பார்க்கிறது. பெரும்பாலும் ஒன்றும் விழாது. எப்போதாவது தீ விழும்.

சாட்ஸ்வர்த் நடுவே ஓடும் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாலம் இருக்கிற இடம்வரை நடக்கச் சோம்பல்பட்டு, வண்டி வருகிறதா என்று சரியாகப் பார்க்காமல் தினமும் குறுக்கே ஓடுகிறார். நேற்று அடிபடவில்லை. முந்தாநாளும் இல்லை. அதனால் அவர் ஓடுவது பாதுகாப்பானது என்று யாராவது சொல்வோமா?

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கம்பளம் அடுப்பை ஒட்டிக் கிடக்கும்போது, ஒரு மாலைக்குத் தீப்பிடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இது விளையாட்டின் உள்ளே இருக்கும் எண் அல்ல. கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டது. ஒரு மாலையில் எரியாமல் தப்பும் வாய்ப்பு நூற்றில் 99. இரண்டு மாலையும் தப்ப வேண்டுமென்றால் 99 விழுக்காட்டை 99 விழுக்காட்டால் பெருக்க வேண்டும். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் முப்பது மாலைக்குள் ஒருமுறையாவது தீப்பிடிக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. நூறு மாலை என்றால் 63 விழுக்காடு. நூற்றில் ஒன்று என்று கேட்டபோது சின்னதாகத் தெரிந்தது, ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

இப்போது கம்பளத்தை நகர்த்திவிட்டு, அதனால் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். நூறு மாலைக்குப் பிறகும் மொத்த வாய்ப்பு 10 விழுக்காட்டைத் தொடாது. கட்டை உருள்வதை நாம் நிறுத்தவில்லை. கட்டையின் முகங்களை மாற்றியிருக்கிறோம். தற்செயல் என்றால் நம் கையில் ஒன்றுமில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எந்த நாளில் எரியும் என்பது நம் கையில் இல்லை. எத்தனை சுலபமாக எரியும் என்பது நம் கையில் இருக்கிறது.

விலை கூடிய அடுப்பு எரியாது என்ற நம்பிக்கைக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அழகான பளிங்குச் சுற்று வாங்கினாலும் முன்னால் கம்பளம் கிடந்தால் கட்டை உருண்டுகொண்டேதான் இருக்கும். மூன்றாம் பதிப்பில் கட்டையை உண்மையிலேயே மாற்றுவது வேறொன்று: கைவேலைத் திறன் வளர்ந்த ஒரு சிம், கணப்படுப்பைத் தீப்பிடிக்காத வகையில் திருத்தி அமைக்கலாம். அதற்குக் காசு வேண்டாம். நேரமும் பழக்கமும் வேண்டும்.

சுருக்கம்: சின்ன வாய்ப்பு பல நாள் சேர்ந்தால் பெரிய வாய்ப்பு. நேற்று எரியவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

புள்ளிக்கோலமும் கரும்புத் தோட்டமும்

ஒரு கம்பளம் எரிந்தால் ஒரு கம்பளம்தானே போக வேண்டும்? வீடு ஏன் போகிறது?

சிம்ஸ் வீட்டின் தரை சதுரக் கட்டங்களால் ஆனது. வாசலில் கோலம் போடுமுன் வைக்கும் புள்ளிகளைப்போல, வரிசை வரிசையாக. ஒவ்வொரு பொருளும் ஒன்றோ இரண்டோ கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டத்தில் தீ இருந்தால், அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் எரிபொருள் இருக்கிறதா என்று கணினி பார்க்கும். இருந்தால், கட்டை உருளும். விழுந்தால் அந்தக் கட்டமும் எரியும். பிறகு அதன் பக்கத்துக் கட்டம். தீ எங்கே போக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு கட்டமும் தன் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும்தான் பார்க்கிறது.

பக்கத்துக் கட்டங்களை மட்டும் பார்த்து ஒவ்வொரு கட்டமும் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் இந்த அமைப்புக்குக் கணிதத்தில் செல்லுலார் ஆட்டோமேட்டன் என்று பெயர். கட்டத் தானியங்கி என்று சொல்லலாம். ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணிதர் உருவாக்கிய ஒன்று 1970ல் பத்திரிகை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வில் ரைட்டும் இந்த எண்ணத்தில் ஈடுபாடு கொண்டவர். 1989ல் வந்த அவருடைய சிம்சிட்டி நகர விளையாட்டே கட்டங்களின் மேல்தான் ஓடியது. அதிலும் தீ இருந்தது.

எங்கள் குடும்பத்தில் இதை விளக்கக் கணிதம் தேவைப்படாது, கரும்பு போதும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியதே கரும்புக்காகத்தான். என் தாத்தா கரும்பு வெட்டியவர். வெட்டுவதற்கு முன் தோகையும் சருகும் போகட்டும் என்று கரும்பைக் கொளுத்துவார்கள். நேட்டால் கடற்கரையில் அந்தக் கரிச்சாம்பல் துணி காயப்போட்ட கொடிவரை பறந்து வரும். தாத்தா சொல்லுவார்: கொளுத்துவது பெரிய வேலை இல்லை, கொளுத்துவதற்கு முன் இடைவெளி வெட்டுவதுதான் வேலை. கரும்பும் சருகும் இல்லாத வெறும் மண் பட்டை. தீ அங்கே வந்து நிற்கும், தாண்ட ஒன்றும் இருக்காது. தீத்தடுப்புப் பட்டை என்பது இதுதான். தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத்தீச் சட்டம் நில உரிமையாளர்களுக்கு இதைக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

கட்டங்களைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பைத் தரும். மிகப் பெரிய ஒரு சதுரக் கட்டப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே மரம் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் நான்கு பக்கத்துக்கும் மட்டும் தீ தாவும். பாதிக் கட்டம் நிறைந்திருந்தால், ஓரிடத்தில் பிடித்த தீ கொஞ்ச தூரம் போய் அணைந்துவிடும். நிறைவு ஏறக்குறைய 59 விழுக்காட்டைத் தாண்டியதும் நிலைமை திடீரென்று மாறும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சங்கிலி உருவாகிவிடும். பத்து மரம் கூடியதால் பத்து மரம் கூடுதலாக எரிவதில்லை, காடே எரிகிறது.

சிம்ஸ் அறை சின்னது, அங்கே இந்த எண்ணை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அண்ணன் மகளின் கூடத்தைப் பாருங்கள். அடுப்பை ஒட்டிக் கம்பளம், அதன் மேல் நாற்காலி, அதன் பக்கம் செடி, செடியை ஒட்டிச் சோஃபா, சோஃபாவை ஒட்டிப் புத்தக அலமாரி. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. நடுவில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம் விட்டிருந்தால் அதுவே அவளுடைய தீத்தடுப்புப் பட்டையாக இருந்திருக்கும். வீட்டை அழகுபடுத்தும்போது ஒவ்வொரு மூலையையும் நிரப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. தீயும் அதைத்தான் கேட்கிறது.

சுருக்கம்: தீ அடுத்த கட்டத்தை மட்டுமே பார்க்கிறது. அடுத்த கட்டம் காலியாக இருந்தால் அங்கே நிற்கிறது.

அடுப்பங்கரை

சிம்ஸ் வீட்டில் கணப்படுப்பைவிட அதிகமாகத் தீ தொடங்கும் இடம் சமையலறை என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. காரணம் எளிது: சமையல் திறன் குறைந்த சிம் அடுப்பில் சமைத்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. திறன் ஏற ஏற அது குறைகிறது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள், சமைக்கத் தெரியாத சிம்மை முதல் நாளே அடுப்பின் முன் நிறுத்தாமல், சமையல் புத்தகம் படிக்க வைக்கலாம். அதுவரை அடுப்பு தேவைப்படாத உணவு கொடுக்கலாம். சமைத்துக்கொண்டிருக்கும் சிம்மைப் பாதியில் வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் பேசப் போகும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது.

கத்தும் சிம்களும் கத்தும் பெட்டியும்

தீப்பிடித்ததும் சிம்கள் செய்வது முதலில் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். ஓடிப்போவதில்லை. தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து, தீ இருக்கும் இடத்துக்கே வந்து, கையைத் தூக்கிக்கொண்டு கத்துவார். குழந்தைகளும் வருவார்கள். கூட்டம் கூடி, அணைக்க வருபவருக்கு வழியில்லாமல் போகும். பலருடைய பாட்டிகளும் தாத்தாக்களும் விளையாட்டில் இறந்துபோவது தீ அவர்களைத் தேடி வந்ததால் அல்ல, அவர்கள் தீயைத் தேடி வந்ததால்.

அதனால் முதல் வேலை, விளையாட்டை நிறுத்திவைப்பது. சாதாரண வேகத்தில் அங்கே ஒரு நிமிடம் என்பது நமக்கு ஒரு நொடிதான். யோசிக்க நேரமே கிடைக்காது. நிறுத்திவைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். பிறகு தைரியசாலியான ஒரு பெரியவரை அணைக்கச் சொல்லுங்கள், மற்ற ஒவ்வொருவரையும் வீட்டுக்கு வெளியே போகச் சொல்லுங்கள். மூன்றாம் பதிப்பில் ஒரு சிம்மின் மேலேயே தீப்பற்றிவிட்டால், குளியலறைக்கோ நீச்சல் குளத்துக்கோ அனுப்பிக் காப்பாற்றலாம். அன்றைக்கு அண்ணன் மகளுக்கு இது தெரிந்திருந்தால் ஆயா பிழைத்திருப்பார்.

இரண்டாவது, புகை எச்சரிப்பான். ஸ்மோக் அலாரம் என்று கடையில் விற்கும் அந்த வட்டப் பெட்டிதான்: தீயை உணர்ந்ததும் கத்தும், விளையாட்டில் தீயணைப்பாளரையும் தானே அழைத்துவிடும். இது தீப்பிடிக்கும் வாய்ப்பைக் கொஞ்சமும் குறைக்காது. அதை வாங்கி மாட்டிவிட்டு, கம்பளத்தை அங்கேயே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அலாரம் தீக்கு முன்னால் செய்யும் வேலை அல்ல, பின்னால் செய்யும் வேலை. அடுப்பு உள்ள ஒவ்வொரு அறையிலும் ஒன்று மாட்டுங்கள். பழைய பதிப்புகள் என்றால் வீட்டில் தொலைபேசியும் இருக்கட்டும். நான்காம் பதிப்பு 2014ல் வந்தபோது அதில் தீயணைப்பாளர்களே கிடையாது, 2020ல்தான் சேர்த்தார்கள். அதுவரை அந்தப் பதிப்பில் சிம்களே அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எச்சரிப்பானைப் பற்றிப் பேசும்போது, நம் நாட்டிலேயே பிறந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தகர வீடுகள் நெருக்கிக் கட்டிய குடியிருப்புகளில் தீ பரவுவது நான் மேலே சொன்ன கட்டக் கணக்கேதான், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. 2017 மார்ச்சில் கேப் டவுனின் இமிசாமோ யெத்துவில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே தீயில் போயின. அங்கெல்லாம் சாதாரணப் புகை எச்சரிப்பான் பயன்படாது. பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஸ்டவ்வில் சமைக்கும் ஒற்றை அறை வீட்டில் அது நாள் முழுக்கக் கத்தும், கடைசியில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். கேப் டவுனில் உருவான லும்கானி என்ற கருவி புகையைப் பார்ப்பதில்லை. வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிறது. சமையல் சூடு மெல்ல ஏறும், வீட்டுத் தீ பாய்ந்து ஏறும். ஒரு வீட்டில் அது ஒலித்தால் சுற்றியுள்ள வீடுகளின் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும். இசிகோசா மொழியில் லும்கானி என்றால் கவனமாயிரு என்று பொருள். கட்டத்துக்குக் கட்டம் தீ ஓடுவதற்கு முன் கட்டத்துக்குக் கட்டம் செய்தி ஓடுகிறது. எவ்வளவு பெரிய யோசனை!

விளையாட்டில் இல்லாதவை

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் மகள் எங்கள் கணப்படுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் இருந்த கம்பளத்தைக் காலாலேயே பின்னுக்குத் தள்ளினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் விளையாட்டுத் தீயைத் தெரிந்துகொண்டால் நிஜத் தீயைத் தெரிந்துகொண்டதாக ஆகாது என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

விளையாட்டில் சுவர் எரிவதில்லை, கூரை விழுவதில்லை. நிஜத்தில் தீ கட்டம் பார்த்து நடக்காது. திறந்த அடுப்பின் வெப்பம் ஒளியைப்போல நேராக வந்து எதிரில் இருப்பதைச் சுடும். மரமோ துணியோ போதிய அளவு சூடேறினால் உள்ளிருந்து எரியக்கூடிய வாயு கிளம்பும். சுடரில் எரிவது பெரும்பாலும் அந்த வாயுதான். இதற்கு நேரம் பிடிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் பெரிய வெள்ளியன்று தீமிதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை நடக்க வைப்பது விரதமும் பக்தியும். ஒவ்வொரு அடியும் கனலின் மேல் ஒரு கணத்துக்குமேல் நிற்பதில்லை, கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்துகிறது என்பதும் பாதத்தைக் காக்கிறது. ஆனால் அடுப்புக்கு எதிரே போட்ட சோஃபா நகர்வதில்லை. மூன்று மணி நேரம் அதே இடத்தில் சூடேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் எரியக்கூடிய எதுவும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பொறி தெறிக்காமலிருக்க அடுப்பின் முன் கம்பி வலைத் தடுப்பு ஒன்றும் வையுங்கள்.

விளையாட்டில் புகையால் யாரும் சாவதில்லை. நிஜத்தில் வீட்டுத் தீயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் புகைதான். அதிலும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹைவெல்ட் என்ற எங்கள் மேட்டுநிலத்துக் குளிரில் இம்பாவுலா என்ற துளையிட்ட தகர டின்னில் நிலக்கரியைப் பற்றவைத்து, குளிருக்குப் பயந்து அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. பிராய் (வெளியில் கனலில் இறைச்சி சுடுவது) போட்டு முடித்த கனலையும் உள்ளே கொண்டுவராதீர்கள். வெறும் கனல்தானே, சுடர் இல்லையே என்று நினைப்பதுதான் கொல்கிறது.

புகைபோக்கியும் விளையாட்டில் வெறும் அலங்காரம். நிஜத்தில் ஈரவிறகு எரித்தால் அதன் உட்சுவரில் தார் போலக் கறுப்பாகப் படியும். ஒருநாள் அந்தப் படிவே பற்றி எரியும். காய்ந்த விறகு மட்டும் போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை குளிர் தொடங்குமுன் புகைபோக்கியைத் துடைக்க ஆள் வையுங்கள். தீப்பிடித்துவிட்டால் எல்லாரும் வெளியே. பிறகு கைபேசியிலிருந்து அவசர எண் 112. எதையும் எடுக்கத் திரும்ப உள்ளே போகக் கூடாது. நிஜ வாழ்க்கையில் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது.

படுக்கப் போகும் நேரமாகிவிட்டது. அடுப்பில் சுடர் அடங்கி, சாம்பல் மட்டும் கிடந்தது. முந்தைய இரவின் சாம்பலை அள்ளி வைத்திருந்த மூடிபோட்ட தகர வாளி பின்வாசலுக்கு வெளியே, சுவரைவிட்டுத் தள்ளி, சிமெண்டுத் தரையில் இருந்தது. "அத்தை, அது ஆறிப்போச்சே, குப்பையில கொட்டிடவா?" என்றாள். மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் கிளறிக் காட்டினேன். அடியில் சிவப்பாக ஒரு கண்.

அப்போதுதான் வில் ரைட்டின் வீட்டைக் கொண்டுபோன தீயின் மீதிக் கதையைச் சொன்னேன். 1991 அக்டோபர் 19, சனிக்கிழமை, ஓக்லண்ட் மலையில் ஒரு சின்னப் புல்தீ. தீயணைப்பாளர்கள் வந்தார்கள், அணைத்தார்கள். மறுநாள் ஞாயிறு காலை, வறண்ட பெருங்காற்று கிளம்பியது. அணைந்ததாக நினைத்த இடத்தில் மிச்சமிருந்த கனலிலிருந்துதான் அந்த 3,000 வீடுகளின் தீ எழுந்தது.

அவள் மூடியை எடுத்து வாளியின் மேல் அழுத்தி வைத்தாள். பிறகு வாளியைத் தொடாமல், அதைச் சுற்றிக் கிடந்த காய்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளினாள்.